ஒரே கையில் இரண்டு தொல்லைகள்: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் கை வீக்கமும் நரம்பு வலியும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் "கை ஒரு மாதிரியாக இருக்கிறது" என்று சொல்லத் தொடங்குவார்கள். கனக்கிறது, இழுக்கிறது, எரிகிறது, மரத்துப்போகிறது என்று எல்லாமே அந்த ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடும். கேட்கிற வீட்டாரும் "ஆபரேஷன் செய்த பக்கம்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த "ஒரு மாதிரி"க்குள் இரண்டு வெவ்வேறு தொல்லைகள் இருக்கலாம். ஒன்று, நிணநீர் தேங்குவதால் வரும் வீக்கம். மருத்துவர்கள் இதை லிம்ஃபெடீமா என்பார்கள். இன்னொன்று, நரம்பு அடிபட்டதால் வரும் வலியும் எரிச்சலும் மரமரப்பும்.

இரண்டும் ஒரே கையில், சில சமயம் ஒரே மாதத்தில்கூட வரும். ஆனால் காரணமும் வேறு, வைத்தியமும் வேறு. நரம்பு வலிக்கான மாத்திரையால் நிணநீர் வடியாது. வீக்கத்துக்குப் போடும் அழுத்த உறையால், கீமோவில் (புற்றணுக்களை அழிக்கும் மருந்துச் சிகிச்சையில்) பழுதான நரம்பு சரியாகாது. ஒன்றுக்காகச் சாப்பிடும் மருந்து இன்னொன்றைக் குழப்புவதும் உண்டு. தன் கையில் இருப்பது எது என்று நோயாளியே ஓரளவு பிரித்துச் சொல்ல முடிந்தால், தேவையான உதவி சீக்கிரம் கிடைக்கும். அந்தப் பிரித்தறிதலுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நிணநீர் ஏன் தேங்குகிறது?

கையில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியாக ரத்தம் ஓடும்போது, கொஞ்சம் நீரும் புரதமும் குழாய்ச் சுவரைத் தாண்டித் திசுக்களுக்குள் கசியும். இது எல்லோர் உடலிலும் எந்நேரமும் நடப்பதுதான். கசிந்ததைச் சேகரித்து மறுபடி ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. தோலுக்குச் சற்றுக் கீழே படர்ந்திருக்கும் இந்தக் குழாய்களுக்கு, ரத்த ஓட்டத்துக்கு இதயம் இருப்பது மாதிரி தனியாக ஒரு பம்ப் கிடையாது. பெரிய குழாய்களின் சுவர் தானே சுருங்கி விரியும். பக்கத்துத் தசைகள் அசையும்போது உள்ளே இருப்பது பிழிந்து நகர்த்தப்படும். ஆழ்ந்து மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் மாறும் அழுத்தம் அதை மேலே இழுக்கும். நடுநடுவே இருக்கும் வால்வுகள் நீர் பின்னால் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும். கையை அசைப்பதும் ஆழ்ந்து மூச்சு விடுவதும் இந்த வீக்கத்துக்கு மருந்தாக இருப்பது இதனால்தான்.

கையிலிருந்தும் மார்பிலிருந்தும் வரும் நிணநீரின் பெரும்பகுதி அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே பொதுவாக 20 முதல் 30 கணுக்கள் இருக்கும்; ஆளுக்கு ஆள் கூடும், குறையும். மார்பகத்தை விட்டு வெளியேறும் புற்றணுக்கள் பெரும்பாலும் முதலில் போய்த் தங்குவதும் இதே இடத்தில்தான். அதனால் அறுவை சிகிச்சையின்போது கணுக்களை எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது. நிணநீர் முதலில் வந்து சேரும் ஒன்றிரண்டு காவல் கணுக்களை மட்டும் எடுப்பது ஒரு முறை. பத்துக்கும் மேற்பட்ட கணுக்களை மொத்தமாக எடுப்பது இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளியான ஓர் அலசலின்படி, காவல் கணுக்களை மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 6 பேர் அளவுக்குக் கை வீக்கம் வந்தது. மொத்தமாக எடுத்தவர்களில் அது 100-க்கு 20 பேர். அக்குளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தாலும் திசுக்கள் இறுகி நிணநீரின் பாதை குறுகும். உடல் எடை அதிகமாக இருப்பதும், அந்தக் கையில் கிருமித்தொற்று வருவதும் வாய்ப்பைக் கூட்டும். டோசிடாக்சல் போன்ற சில கீமோ மருந்துகள் உடலில் நீரைத் தேக்கும் குணம் கொண்டவை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாய்க்கால் தூர்ந்துபோன வயலில் தண்ணீர் நிற்பது போலத்தான் இந்த வீக்கமும். ஆனால் இங்கே தேங்குவது வெறும் தண்ணீர் இல்லை. அதில் புரதம் நிறைய இருக்கிறது. அந்தப் புரதம் மேலும் நீரை இழுத்துவைக்கும்; திசுக்களில் அழற்சியைத் தூண்டும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் அந்த இடத்தில் நார்த்திசுவும் கொழுப்பும் சேர்ந்து கை கெட்டிப்பட்டுவிடும். வீக்கம் என்றதும் சிறுநீர் பிரியும் மாத்திரையைக் கேட்பவர்கள் உண்டு. அந்த மாத்திரை உடலிலுள்ள தண்ணீரைத்தான் குறைக்கும். புரதம் கையிலேயே தங்கிவிடும். கொஞ்ச நாளில் வீக்கம் திரும்ப வரும். வேறு காரணத்துக்காக டாக்டர் எழுதியிருந்தால் அது தனி. லிம்ஃபெடீமாவுக்கு மட்டும் என்று அதை எடுப்பதில் பயனில்லை.

கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே

லிம்ஃபெடீமாவை மருத்துவர்கள் நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படிக்கு எண் பூஜ்யம். நிணநீர் ஓட்டம் குறைந்திருக்கும், ஆனால் வீக்கம் வெளியே தெரியாது. ஒன்றாம் படியில் கை வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். கையை உயர்த்தி வைத்திருந்தால் வடியும். இரண்டாம் படியில் உயர்த்தி வைத்தாலும் சுலபத்தில் வடியாது. கை கெட்டிப்படத் தொடங்கியிருக்கும். மூன்றாம் படியில் கை மிகவும் பெருத்து, தோலே தடித்து மாறிவிடும். மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு மூன்றாம் படிக்குப் போகிறவர்கள் குறைவு.

இதில் பூஜ்யமும் ஒன்றும்தான் நம் கையில் உள்ள நேரம். அந்தக் கட்டத்தில் கவனித்துவிட்டால் கையைக் கிட்டத்தட்ட பழைய அளவிலேயே வைத்திருக்க முடியும். பூஜ்யம் படியில் கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும். சாயங்காலம் ஆனால் கை கனக்கும். மோதிரம் இறுகும். கடிகாரப் பட்டையின் தடம் வெகுநேரம் மறையாது. சட்டைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். புறங்கையில் தெரிந்துகொண்டிருந்த ரத்தநாளங்கள் ஒரு பக்கம் மங்கலாகும். வீக்கம் கையில் மட்டும்தான் வரும் என்றும் இல்லை. மீதமிருக்கும் மார்பகம், நெஞ்சின் பக்கவாட்டு, அக்குளுக்குப் பின்னால் முதுகின் ஓரம் ஆகிய இடங்களிலும் வரலாம். உள்ளாடையின் தடம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் பதிவது அதன் அடையாளமாக இருக்கலாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அறுவை சிகிச்சைக்கு முன்பே இரண்டு கைகளையும் அளந்து குறித்துவைக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லோருக்கும் இரண்டு கைகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. வழக்கமாக எழுதும் கை இயல்பாகவே கொஞ்சம் பருத்திருக்கும். முதலில் எடுத்த அளவு இல்லையென்றால், பின்னால் பார்க்கும் வித்தியாசம் புதிதா பழையதா என்று யாருக்கும் தெரியாது. சாதாரண அளவு நாடா போதும். மணிக்கட்டில் தொடங்கி மேலே குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து, எந்த இடத்தில் எவ்வளவு என்று எழுதிவைக்க வேண்டும். அப்புறம் மாதம் ஒருமுறை, அதே இடங்களில், நாளின் அதே நேரத்தில் அளக்கலாம். ஒரே இடத்தில் இரு கைகளுக்கும் 2 செ.மீ. வித்தியாசம் என்பது நீண்ட காலமாகப் பயன்படும் ஒரு கணக்கு. ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பழைய அளவைவிட ஏறிக்கொண்டே போகிறது என்றாலே டாக்டரிடம் காட்டலாம். சில மருத்துவமனைகளில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தித் திசுக்களில் உள்ள நீரின் அளவைக் கணிக்கும் கருவி இருக்கிறது. அதில் வலி எதுவும் கிடையாது.

பெரும்பாலானவர்களுக்கு இந்த வீக்கம் சிகிச்சைக்குப் பிறகான முதல் மூன்று ஆண்டுகளுக்குள் தலைகாட்டும். அதற்குப் பின்னும் வரலாம் என்பதால் அளப்பதை அதோடு முழுதாக நிறுத்திவிட வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் அக்குளிலிருந்து முழங்கையின் உட்புறம்வரை விறைத்த இழைகள் தோலுக்கு அடியில் தெரியலாம். கையை மேலே தூக்கினால் அவை இழுத்து வலிக்கும். இதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். இது லிம்ஃபெடீமாவும் இல்லை, நோய் திரும்பியதன் அடையாளமும் இல்லை. மெதுவான நீட்டல் பயிற்சிகளால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீக்கத்தை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

வந்துவிட்ட லிம்ஃபெடீமாவை முற்றிலும் இல்லாமல் செய்யும் மருந்து கிடையாது. ஆனால் நன்றாகக் கட்டுப்படுத்த முடியும். அதற்கு நான்கு விஷயங்கள் சேர்ந்து நடக்க வேண்டும்: நிணநீரை வழிநடத்தும் மென்மையான கைவருடல், அழுத்தக் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு. இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்தான் செய்ய வேண்டும், கற்றுத்தரவும் வேண்டும்.

கைவருடல் என்றதும் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிசையும் மசாஜை நினைக்கக் கூடாது. எமில் வோடர் என்ற டென்மார்க்காரரும் அவர் மனைவியும் 1930-களில் உருவாக்கிய முறை இது. நிணநீர்க் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் இருப்பதால், தோல் லேசாக நகரும் அளவுக்கு மட்டுமே அழுத்தம் கொடுப்பார்கள். முதலில் கழுத்தையும் எதிர்ப்பக்க அக்குளையும் வருடி வழியைத் திறந்துவிட்டு, பிறகுதான் வீங்கிய கைக்கு வருவார்கள். பலமாக அமுக்கினால் சீக்கிரம் வடியும் என்று வீட்டில் யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

வருடலைவிட அதிகம் வேலை செய்வது அழுத்தம்தான் என்பது என் எண்ணம். வீக்கம் அதிகமாக இருக்கும்போது, அதிகம் நீளாத துணியால் பல அடுக்காகக் கட்டுப் போடுவார்கள். தசை அசையும்போது அந்தக் கட்டு எதிர்த்து நிற்பதால் நீர் மேல்நோக்கித் தள்ளப்படும். வடிந்த பிறகு அந்த அளவிலேயே கையை வைத்திருக்க கம்ப்ரெஷன் ஸ்லீவ், அதாவது அழுத்த உறை. கைக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தரும் உறையை எழுதிக்கொடுப்பார்கள். கை வடிந்திருக்கும் நேரத்தில் அளவெடுத்து வாங்க வேண்டும். வேறொருவர் போட்டிருந்ததை வாங்கிப் போடுவது, கண்ணளவில் வாங்குவது இரண்டும் கெடுதல்தான். மேலே சுருண்டு ஒரு வளையமாக இறுகினால் அதற்குக் கீழே வீக்கம் கூடிவிடும். உறை போட்ட பிறகு விரல்கள் வீங்கினால், கைக்கான உறையோடு உள்ளங்கைக்கும் சேர்த்துத் தேவைப்படுகிறது என்று அர்த்தம். பகலில் போட்டு இரவில் கழற்றுவது வழக்கம். தினமும் துவைத்துப் போட்டால் ஏறக்குறைய ஆறு மாதத்தில் இழுவிசை தளர்ந்துவிடும். பிறகு புதிது வேண்டும். இந்த எல்லா முறைகளுக்கும் வசப்படாத கைகளுக்கு, நிணநீர்க் குழாயை நுண்ணிய ரத்தநாளத்தோடு இணைக்கும் அறுவை சிகிச்சை போன்ற வழிகளும் இருக்கின்றன. ஆனால் அதற்குப் பிறகும் பலர் உறை போட வேண்டியிருக்கும்.

உடற்பயிற்சியைப் பற்றிய பயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். "அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்பது வெகுகாலமாகச் சொல்லப்பட்டுவந்த அறிவுரை. இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2009-ல் அமெரிக்காவில் வெளியானது. ஏற்கெனவே லிம்ஃபெடீமா உள்ள 141 பெண்களில் ஒரு பாதியினர் வாரம் இரண்டு முறை, அழுத்த உறை போட்டுக்கொண்டு, படிப்படியாக எடை தூக்கினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், எடை தூக்காதவர்களைவிட இவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று வீக்கம் மோசமாவது எடை தூக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கு நடந்தது. தூக்கியவர்களில் 14 சதவீதம் பேருக்கு மட்டும்தான். இதன் பொருள் நாளைக்கே பெரிய மூட்டையைத் தூக்கலாம் என்பது இல்லை. மிகக் குறைந்த எடையில் தொடங்கி, பழக்கியவர் சொல்லும் வேகத்தில் கூட்ட வேண்டும். கை கனத்தால் ஒரு படி இறங்க வேண்டும். ஆனால் கையைச் சும்மா வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். பயன்படுத்தாத கை பலவீனமாகும், பலவீனமான கைக்கு அன்றாட வேலையே பாரமாகும்.

ரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி, விமானப் பயணம் பற்றியும் இதே மாதிரி பயம் உண்டு. 600-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து அளந்துவந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. ரத்தம் எடுத்தது, ஊசி போட்டது, ரத்த அழுத்தம் பார்த்தது, விமானத்தில் போனது ஆகியவற்றுக்கும் கை பருப்பதற்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. கிருமித்தொற்றுக்கும் கூடுதல் உடல் எடைக்கும் தொடர்பு இருந்தது. வசதி இருந்தால் மறு கையைக் கொடுப்பதில் தவறில்லை, பல மருத்துவமனைகளில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அவசரத்தில் ஓர் ஊசி அந்தக் கையில் போட்டுவிட்டார்கள் என்று வாரக்கணக்கில் தூக்கம் கெட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் கவலையைச் சுமந்துகொண்டே வாழும் பெண்கள் நிறையப் பேர்.

தொற்றை மட்டும் லேசாக எடுக்கக் கூடாது. நிணநீர் தேங்கிய இடத்தில் கிருமி புகுந்தால் வேகமாகப் பரவும். ஒவ்வொரு தொற்றும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களைப் பழுதாக்கி வீக்கத்தைக் கூட்டும். அதனால் தோல் வறண்டு வெடிக்காமல் ஈரப்பசை தரும் க்ரீம் பூசுவது, நகக்கண்ணை வெட்டாமல் விடுவது, செடிகளிலோ அடுப்படியிலோ வேலை செய்யும்போது கையுறை போடுவது, சின்னக் கீறலையும் கழுவிக் கிருமிநாசினி போடுவது எல்லாம் சிகிச்சையின் பகுதிகளே. கை சிவந்து, சூடாகி, வலித்து, குளிர் காய்ச்சலும் வந்தால் அது அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். ஆன்டிபயாடிக் தாமதமாகக் கூடாது. தொற்று இருக்கும்போது கட்டு போடலாமா, வருடலாமா என்பதையும் அவரிடம் கேட்டே செய்ய வேண்டும். கீமோ நடந்துகொண்டிருக்கும்போது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றாலே, கை எப்படி இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

இன்னொரு அவசரம்: ஓரிரு நாளில் கை திடீரென்று வீங்கி, வலித்து, நிறம் மாறினால் ரத்தநாளத்துக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். கீமோவுக்காக நெஞ்சிலோ கையிலோ போர்ட் (தோலுக்கு அடியில் பொருத்தி, மருந்து ஏற்றப் பயன்படும் சிறு கருவி), குழாய் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. லிம்ஃபெடீமா பொதுவாக மெதுவாக வரும். கனமாகவும் இறுக்கமாகவும் இருக்குமே தவிர, தாங்க முடியாத வலியாக இருப்பது அரிது. அதனால் கடுமையான வலியோடு வரும் வீக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று தேடியாக வேண்டும்.

நரம்பு வலி எங்கிருந்து வருகிறது?

நரம்பு வலிக்கு என்று ஒரு தனிக் குணம் உண்டு. எரியும், சுரீரென்று இழுக்கும், ஷாக் அடிக்கும், ஊசி குத்தும். துணி பட்டாலே கூசும். வலிக்கும் இடமே தொட்டால் மரத்தும் இருக்கும். உணர்வே இல்லாத இடம் எப்படி வலிக்கும் என்று நோயாளிக்கே குழப்பமாக இருக்கும், வெளியே சொல்லவும் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். பழுதான நரம்பு தொடுதலைச் சரியாகக் கொண்டுபோகாது, ஆனால் தானாகவே தவறான வலிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது நரம்பு வலிக்கே உரிய அடையாளம்.

முதல் காரணம் அறுவை சிகிச்சை. நெஞ்சுக்கூட்டின் மேற்பகுதியிலிருந்து புறப்பட்டு அக்குளைக் கடந்து மேல்கையின் உட்புறத்துக்கு ஒரு மெல்லிய நரம்பு போகிறது. இன்டர்காஸ்டோபிரேக்கியல் நரம்பு என்று பெயர். அக்குள் கணுக்களை எடுக்கும்போது இது இழுபடும், சிலருக்கு அறுபடும். அதனால் அக்குளும் மேல்கையின் உட்புறமும் மரத்தோ எரிந்தோ இருக்கும். மார்பு இருந்த இடத்திலும் தழும்பைச் சுற்றியும் வலி இருக்கலாம். எடுத்துவிட்ட மார்பகமே இன்னும் இருந்து வலிப்பதாகச் சிலருக்குத் தோன்றும். இந்த வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதும் அபூர்வம் இல்லை. டென்மார்க்கில் 3,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டு 2009-ல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சை முடிந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் ஆன நிலையிலும் 47 சதவீதம் பேர் வலி இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது லேசான வலிதான், ஆனாலும் இருந்தது. எனக்கு மட்டும்தான் இப்படியா என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இரண்டாவது காரணம் கீமோ. பாக்ளிடாக்சல், டோசிடாக்சல், கார்போபிளாட்டின் போன்ற மருந்துகள் இதற்குப் பேர்போனவை. நரம்பு இழைகளுக்குள் மிக நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. நரம்புக்குத் தேவையான பொருட்கள் அவற்றின் வழியாகத்தான் நுனிவரை போய்ச் சேரும். பாக்ளிடாக்சல் புற்றணு இரண்டாகப் பிரிவதைத் தடுப்பதற்காக இதே வகைக் குழல்களைத்தான் இறுக்கிப் பிடிக்கிறது. நரம்பிலும் அதே வேலையைச் செய்துவிடுவதால் போக்குவரத்து தடைபடுகிறது. மிக நீளமான நரம்புகளின் நுனி முதலில் பாதிக்கப்படும். அதனால்தான் கால்விரல்களிலும் கைவிரல்களிலும் தொடங்கி, கையுறை காலுறை போட்ட பகுதி அளவுக்கு மேலே ஏறுகிறது.

பிரித்தறிய உதவும் மிக எளிய குறிப்பு இதில் இருக்கிறது. கீமோவால் வரும் நரம்புப் பாதிப்பு இரண்டு கைகளிலும், இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அறுவை சிகிச்சையால் வருவது ஒரு பக்கம் மட்டும், அக்குளையும் மேல்கையையும் சுற்றி இருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, இரவில் எழுப்பிவிடும் அளவுக்குக் குடைந்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கை வீக்கமும் அந்த நெருக்கத்தைத் தரலாம். அனஸ்ட்ரசோல், லெட்ரசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகளும் தரலாம். சிகிச்சை முடிந்து வருடங்கள் கழித்துக் கை வலுவிழந்துகொண்டே போனாலோ, தோளிலிருந்து கடும் வலி இறங்கினாலோ, அதைக் கட்டாயம் காட்ட வேண்டும். கதிர்வீச்சு பட்ட நரம்புக்கொத்தில் தாமதமாக வரும் பாதிப்பாக இருக்கலாம். நோய் திரும்பியிருக்கிறதா என்பதையும் சோதித்துவிடுவார்கள்.

கீமோ நடக்கும்போதே சொல்ல வேண்டும்

நரம்பு வலி விஷயத்தில் பெண்கள் அதிகம் மறைப்பது இந்த நேரத்தில்தான். சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்களோ, அப்புறம் நோய் கேட்காமல் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைப்பது, ஒரு வாரம் தள்ளிப்போடுவது, அதே குடும்பத்தில் வேறு மருந்துக்கு மாற்றுவது என்று டாக்டருக்குப் பல வழிகள் இருக்கின்றன. நோய்க்கு எதிரான பலனையும் நரம்பையும் எடைபோட்டுத்தான் அவர் முடிவெடுப்பார். சொல்லாவிட்டால் அவருக்கு எடைபோட எதுவும் இருக்காது. பாதிப்பு ஒரு அளவைத் தாண்டிவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். கடைசி டோஸ் முடிந்த பிறகும் சில காலம் கூடிவிட்டுப் பிறகு குறையத் தொடங்குவதும் உண்டு.

"மரத்துப்போகிறது" என்று மட்டும் சொல்வதைவிட, அதனால் எது முடியவில்லை என்று சொல்வது டாக்டருக்கு உதவும். பொத்தான் போட முடியவில்லை, நாணயத்தைப் பொறுக்க முடியவில்லை, செருப்பு கழன்றதே தெரியவில்லை, இருட்டில் நடந்தால் தடுமாறுகிறது. இப்படிச் சொன்னால் பாதிப்பு எந்த அளவு என்று அவருக்கு உடனே விளங்கும். பாக்ளிடாக்சல் ஏற்றிய இரண்டு மூன்று நாளில் உடம்பெல்லாம் வலித்து ஒரு வாரத்துக்குள் அடங்குவது வேறு வகை. இது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று குறித்து வைத்தால் குழப்பம் வராது.

கீமோவால் வரும் நரம்புப் பாதிப்பைத் தடுக்கும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இப்போது இல்லை. "நரம்புக்கு நல்லது" என்று யாராவது தரும் சத்து மாத்திரைகளில் எச்சரிக்கை தேவை. அசிட்டைல் எல்-கார்னிட்டின் என்ற பொருளை 400-க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. நரம்பைக் காக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். 24 வாரத்தில் பார்த்தபோது, அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பாதிப்பு கூடியிருந்தது. வைட்டமின் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மருந்து ஏறும் நேரத்தில் குளிரூட்டிய கையுறை, காலுறை போடுவது சில சிறிய ஆய்வுகளில் பலன் தந்திருக்கிறது; எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. கேட்டுப் பார்க்கலாம். வீங்கிய கையில் அதைப் போடுவது பற்றித் தனியாகக் கேட்க வேண்டும்.

வலி வந்த பிறகு, கீமோவால் வந்த நரம்பு வலிக்கு நல்ல ஆய்வு ஆதாரம் உள்ள மாத்திரை டுலோக்சட்டின். 2013-ல் வெளியான ஆய்வில் இதை எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு வலி ஓரளவாவது குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு. வலிக்கு உதவும் அளவுக்கு மரமரப்புக்கு உதவாது. குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள், நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். இதில் ஒரு முக்கியமான சிக்கல் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை மாத்திரையான டாமோக்சிஃபென் சாப்பிடுபவர்களின் கல்லீரலில் ஒரு நொதி அந்த மருந்தை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றுகிறது. டுலோக்சட்டின் அந்த நொதியை ஓரளவு தடுக்கும்; மனச்சோர்வுக்குத் தரும் பராக்சட்டின், ஃப்ளுவாக்சட்டின் இன்னும் பலமாகத் தடுக்கும். நரம்பு மருத்துவர் ஒன்றை எழுதும்போது புற்றுநோய் மருத்துவர் கொடுத்த மருந்துச் சீட்டு அவர் முன்னால் இருக்க வேண்டும்.

காபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் நரம்பு வலிக்குப் பரவலாகத் தரப்படுபவை. தூக்கமும் தலைசுற்றலும் வரும். இவற்றுக்கு நீர் தேக்கும் பக்கவிளைவும் உண்டு, பெரும்பாலும் கால்களில். ஏற்கெனவே கை வீங்கியவர் இதை ஆரம்பித்த பிறகு உடம்பில் வீக்கம் கூடினால், லிம்ஃபெடீமா முற்றிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் மாத்திரையையும் சந்தேகிக்க வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அக்குளிலும் தழும்பிலும் மட்டும் உள்ள வலிக்கு மரக்கச்செய்யும் லிடோகெய்ன் மருந்துப் பட்டையை ஒட்டுவது, நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போடுவது போன்ற வழிகள் இருக்கின்றன. துணி பட்டாலே கூசும் இடத்தில் பஞ்சு, மெல்லிய துணி, பிறகு சொரசொரப்பான துணி என்று தினமும் சில நிமிடம் வருடிப் பழக்கினால் கூச்சம் மெல்லக் குறையும். இதற்குச் செலவு எதுவும் இல்லை, வீட்டிலேயே செய்யலாம்.

வீக்கமும் மரமரப்பும் சேர்ந்து இருந்தால்

இந்தக் கூட்டணிதான் கவனமாக இருக்க வேண்டிய இடம். உணர்வு குறைந்த கையில் அழுத்த உறை இறுகினால் வலி எச்சரிக்காது. அதனால் கண்ணால் பார்க்க வேண்டும். உறை போட்டு அரை மணி நேரம் கழித்து விரல் நுனிகள் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் கழற்றிவிட்டு அளவைச் சரிபார்க்க வேண்டும். கழற்றிய பிறகு தோலில் ஆழமான தடமோ சிராய்ப்போ இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். மரத்த விரல்களால் உறையைப் பிடித்து இழுப்பது கடினம். சொரசொரப்பான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இழுத்தால் பிடி கிடைக்கும். வழுக்கும் துணியாலான துணைக்கருவியும் கிடைக்கிறது. இதற்கு வீட்டில் ஒருவரை உதவிக்குக் கூப்பிடுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

வெந்நீரின் சூட்டை விரலால் பார்க்கக் கூடாது. கீமோவால் இரண்டு கைகளும் மரத்திருக்கும் என்பதால் மறு கையும் உதவாது. முழங்கையாலோ வெப்பமானியாலோ பார்க்கலாம். வலிக்கு ஒத்தடம் என்று சூடான பையை வீங்கிய கையில் வைப்பது இரண்டு வகையிலும் ஆபத்து: தோல் வெந்தாலும் தெரியாது, சூட்டில் ரத்த ஓட்டம் கூடி நிணநீர்ச் சுமையும் ஏறும். கத்தி, கத்தரிக்கோல் வேலைகளில் கையைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். கால்களும் மரத்திருந்தால் வீட்டுக்குள்ளும் செருப்பு, இரவில் ஒரு சின்ன விளக்கு, குளியலறையில் பிடிமானம். விழும்போது கையை ஊன்றினால் அடிபடுவது பெரும்பாலும் அந்தக் கையாகவே இருக்கும்.

நல்ல செய்தி, இரண்டுக்கும் பொதுவாக ஒத்துவருவது உடற்பயிற்சி. நடைப்பயிற்சியும் தசைப் பயிற்சியும் நிணநீரை நகர்த்தும். சமநிலைப் பயிற்சி மரத்த கால்களின் தடுமாற்றத்தைக் குறைக்கும். ஆனால் இரண்டும் ஆறும் கால அளவு ஒன்றல்ல. அறுபட்ட நரம்பு இழை வளர்வது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். கீமோ பாதிப்பு பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும். சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கும். லிம்ஃபெடீமாவோ குறைந்த பிறகும் கவனிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நரம்பு வலி போய்விட்டது என்று உறையையும் சேர்த்துக் கழற்றிவைத்துவிட்டால் வீக்கம் திரும்பும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் ஒரு கையின் படத்தை வரைந்து, எங்கே கனம், எங்கே எரிச்சல், எங்கே மரமரப்பு என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, கீமோவின் எத்தனையாவது சுற்று, மறு கையிலும் இருக்கிறதா, உயர்த்தி வைத்தால் குறைகிறதா என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மாதாமாதம் எடுத்த அளவுகளையும், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் பெயரையும், கடையில் தானாக வாங்கியது உட்பட, அதே தாளில் சேர்த்துவிடுங்கள். பிறகு இரண்டு பேரைப் பற்றிக் கேளுங்கள்: லிம்ஃபெடீமாவுக்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இங்கே யார், நரம்பு வலிக்கு யாரைப் பார்க்க வேண்டும்?